நர்சிங் படிக்க வந்தவளுக்கு வரலாறு எதற்கு?

2015 ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி. டெக்சஸ் மாநிலம், ஹூஸ்டன் புறநகரில் ஒரு கம்யூனிட்டி காலேஜ், அதாவது பட்டப்படிப்பின் முதல் பாடங்களைப் படிக்கும் உள்ளூர் அரசுக் கல்லூரி. வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் பேராசிரியர் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். என் மடியில் உடற்கூறியல் அட்டைகள். மணிக்கட்டின் எட்டு எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். மறுநாள் காலை அதில் தேர்வு. வீட்டில் பையனுக்கு என் வீட்டுக்காரர் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்தது ஒரே கேள்விதான்: ஊசி போடக் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு இந்த நாட்டு வரலாறு எதற்கு?

எனக்கு அப்போது 34 வயது. கரூரில் பி.காம். முடித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். பையன் குறைமாதத்தில் பிறந்து 19 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அந்த 19 நாளும் அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களைப் பார்த்துப் பார்த்து, நானும் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். கிரீன் கார்டு வந்த பிறகு கல்லூரியில் சேர்ந்தேன்.

சேரும் நாளில் ஆலோசகர் ஒரு தாளைக் கொடுத்தார். ஆங்கிலக் கட்டுரை எழுதுதல் இரண்டு பருவம், அமெரிக்க வரலாறு இரண்டு, அரசியலமைப்பும் அரசாங்கமும் இரண்டு, உளவியல், வாழ்க்கைப் பருவங்களின் உளவியல், புள்ளியியல், மேடைப்பேச்சு, தத்துவம், கலை ரசனை. இவற்றோடு உடற்கூறியல் இரண்டு பருவம், வேதியியல், நுண்ணுயிரியல். நர்சிங் என்ற சொல்லைத் தாளின் கடைசியில்தான் பார்த்தேன். டெக்சஸ் மாநில அரசுக் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டம் வாங்க 42 கிரெடிட் பொதுப்பாடம் கட்டாயம். ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று கிரெடிட். நர்சிங் இளங்கலையான பி.எஸ்.என். பட்டத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 120 கிரெடிட். அதில் பாதி, நர்சிங் வகுப்புக்குள் காலை வைக்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

என் பி.காம். மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பார்த்தோம். சில கிரெடிட்கள் கிடைத்தன. வரலாற்றிலிருந்தும் அரசாங்கத்திலிருந்தும் மட்டும் தப்ப முடியவில்லை. அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கும் யாரும் ஒவ்வொன்றிலும் ஆறு கிரெடிட் படித்தே ஆக வேண்டும் என்று டெக்சஸ் சட்டமே சொல்கிறது. என் வீட்டுக்காரர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் சேர்த்துதான் நாம பணம் கட்டறோமா?" என்றார். எனக்கும் அதே வயிற்றெரிச்சல்தான்.

இப்போது ஏழு வருடத்துக்கு மேல் வார்டில் வேலை பார்த்த பிறகு, அந்தத் தாளைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கிறேன். உடம்பைப் பற்றி நர்சிங் வகுப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த உடம்புக்குள் இருக்கும் மனிதர் எந்த ஊரில், எந்தச் சட்டத்தின் கீழ், என்ன பட்டு வளர்ந்தவர் என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் கரூரில் வளர்ந்தவள். இந்த ஊர் நோயாளிகளை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவை நான் வீண் என்று நினைத்த அந்த வகுப்புகள்தான்.

மேலே சொன்ன வரலாற்று வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். மார்ச் மாதத்தில் ஒரு நாள் பேராசிரியர் டஸ்கீகி ஆய்வு பற்றிப் பாடம் எடுத்தார். அலபாமா மாநிலம், மேகன் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). 1932 முதல் 1972 வரை, 40 ஆண்டுகள், அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஏறக்குறைய 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்குச் சிஃபிலிஸ் நோய் இருந்தது. அதை அவர்களிடம் சொல்லவில்லை. "ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது" என்று மட்டும் சொன்னார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின்தான் அந்த நோய்க்கு மருந்து என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அதன் பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1997இல்தான் ஜனாதிபதி கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

மடியில் இருந்த எலும்பு அட்டைகளை நான் மூடிவைத்தது அன்றைக்குத்தான். காரணம், அந்த ஆய்வில் ஒரு நர்ஸ் இருந்தார். யூனிஸ் ரிவர்ஸ். அவரும் கறுப்பினப் பெண்தான். அந்த ஆண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது, வீடு வீடாகப் போய் நலம் விசாரிப்பது, ஆய்விலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. அவர்கள் அவரை நம்பினார்கள். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்து இருந்தார். அன்று இரவு காரில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தப் பெண்ணைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அன்பாக இருந்த ஒரு நர்ஸ் இப்படி ஒரு காரியத்துக்கு எப்படித் துணை போனார்? மேலே இருப்பவர்கள் சொன்னால் நானும் போவேனா? எந்த நர்சிங் பாடப்புத்தகமும் என்னை இந்த அளவுக்கு உலுக்கியதில்லை.

2019இல் என் வார்டில் 78 வயதுக் கறுப்பினப் பெரியவர் ஒருவர். இதயம் பலவீனம், காலில் நீர். ரத்தம் எடுக்க விடமாட்டேன் என்று இரண்டு ஷிஃப்டாக மறுத்துக்கொண்டிருந்தார். முந்தைய ஷிஃப்ட் நர்ஸ் ஒப்படைக்கும்போது என்னிடம் சொன்னது, "சொன்னதைக் கேட்காதவர், பார்த்துக்கோ" என்பதுதான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1941இல் பிறந்தவர். டஸ்கீகி விஷயம் பத்திரிகையில் வெளிவந்தபோது அவருக்கு வயது 31. அவர் சின்ன வயதில் இந்தப் பக்கத்து மருத்துவமனைகளில் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965இல் சட்டமானது. அதன் பணம் வேண்டுமென்றால் இனப்பாகுபாடு காட்டக் கூடாது என்ற நிபந்தனை வந்த பிறகுதான் தெற்கு மாநிலங்களில் பல மருத்துவமனைகள் கதவைத் திறந்தன. அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் டெக்சஸ்காரரான லிண்டன் ஜான்சன். இதுவும் அதே வகுப்பில் படித்ததுதான்.

ட்யூப்களை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "ஐயா, இதில் எது எதற்கு என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றேன். நீல மூடி ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க. பச்சை மூடி சிறுநீரகத்தையும் உப்புச்சத்தையும் பார்க்க. நீர் பிரிய மருந்து கொடுப்பதால் பொட்டாசியம் குறைந்துவிடலாம், குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். ஊதா மூடி ரத்த அணுக்களை எண்ண. மூன்றும் சேர்த்து இரண்டு டீஸ்பூன் சொச்சம். மீதி ரத்தம் என்ன ஆகும் என்று கேட்டார். சோதனைக் கூடத்தில் சில நாள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்கள், இதை எந்த ஆய்வுக்காகவும் எடுக்கவில்லை, உங்கள் சிகிச்சைக்குத்தான் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, "இதை இவ்வளவு நேரம் யாரும் சொல்லலியே, பேபி" என்றார். இந்த ஊர்ப் பெரியவர்கள் நம்மை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டஸ்கீகி என்ற பெயரை நான் எடுக்கவே இல்லை, அவரும் எடுக்கவில்லை. அவர் மனத்தில் அது இருந்ததா என்று எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் நான் படித்திருந்ததால் அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைக்காமல், கேள்வி உள்ளவர் என்று நினைத்துப் போனேன்.

எல்லாப் பொதுப்பாடமும் இப்படி எனக்குள் தங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசாங்கப் பாடத்தை ஒரு கோடைவிடுமுறையில், ஐந்து வார ஆன்லைன் வகுப்பாக முடித்தேன். வாரம் இரண்டு வினாடி வினா, கடைசியில் ஒரு தேர்வு. 'ஏ' கிரேடு வாங்கினேன். இன்று யோசித்துப் பார்த்தால் அதிலிருந்து ஒரு வரி நினைவில் இல்லை. அதே மூன்று கிரெடிட், அதே பணம். மாநில அரசாங்கப் பாடத்தையோ நேரில் உட்கார்ந்து படித்தேன். கவுண்டி என்றால் என்ன, அதற்கு வரி போடும் அதிகாரம் எதெதற்கு உண்டு, மருத்துவமனை மாவட்டம் என்று ஒன்று தனியாகச் சொத்து வரி வசூலித்து ஏழைகளுக்கு மருத்துவம் பார்க்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டேன்.

இது எங்கே உதவியது? கூரை போடும் வேலை பார்க்கும் ஒருவர், நாற்பது வயது, சுகர் 500க்கு மேல் ஏறி வந்தார். காப்பீடு கிடையாது. டெக்சஸில் பிள்ளை இல்லாத, ஊனம் இல்லாத, கர்ப்பமாகவும் இல்லாத, 65 வயதுக்குட்பட்டவருக்கு, எவ்வளவு ஏழையாக இருந்தாலும், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பொதுவாகக் கிடைக்காது. மெடிக்கெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்கும் திட்டத்தை ஏற்காத மாநிலங்களில் இதுவும் ஒன்று. அவசரப் பிரிவுக்கு வந்தால் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986இலிருந்து மத்திய சட்டம் இருக்கிறது. நிலைப்படுத்திய பிறகு வீட்டுக்குப் போனால்? இன்சுலின் யார் வாங்கித் தருவது? நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம் அது. டிஸ்சார்ஜ் தாளில் "டாக்டரைப் பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். வகுப்பில் படித்தது இருந்ததால், எந்தக் கவுண்டியில் குடியிருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டேன். சமூகப் பணியாளரைக் கூப்பிட்டு, அந்தக் கவுண்டியின் உதவித் திட்டத்துக்கு அன்றைக்கே விண்ணப்பம் போட வைத்தோம். அது வரும்வரை வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல மையத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தோம். இதையெல்லாம் செய்யச் சமூகப் பணியாளர் இருக்கிறாரே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறார்தான். ஆனால் இரவு ஷிஃப்டில் இருக்கமாட்டார். எதற்காக அவரைக் கூப்பிட வேண்டும் என்று நர்ஸுக்குத் தெரிந்திருந்தால்தான் மறுநாள் காலையில் சரியான கேள்வியோடு கூப்பிட முடியும்.

ஆங்கிலக் கட்டுரை வகுப்பு எனக்கு வேறு மாதிரி உதவியது. நம் ஊரில் நான் கற்ற ஆங்கிலம் வளைந்து வளைந்து மரியாதை காட்டும் ஆங்கிலம். என் முதல் கட்டுரையில் வாக்கியத்துக்கு வாக்கியம் சிவப்பு மை. பக்க ஓரத்தில் ஆசிரியை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்: "யார் செய்தது? உனக்கு எப்படித் தெரியும்?" அன்றைக்கு அழுகையாக வந்தது. அந்த இரண்டு கேள்வியும்தான் பிற்பாடு என் சார்ட் எழுதும் கையைத் திருத்தின.

ஓர் அம்மாளைப் பற்றி முந்தைய ஷிஃப்ட் குறிப்பில் "முரட்டுத்தனமாக நடந்துகொண்டார், மருந்தை மறுத்தார்" என்று இருந்தது. அன்று காலை நான் எழுதியது இப்படி: "9.10 மணிக்கு மாத்திரைக் கோப்பையைத் தரையில் எறிந்தார். 'இதைச் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வாந்தி வருகிறது, யாரும் கேட்பதில்லை' என்றார்." டாக்டர் அதைப் படித்துவிட்டு நேராக வந்து வாந்தியைப் பற்றிக் கேட்டார், மருந்தை மாற்றினார். முரட்டுத்தனம் என்ற சொல் நம்முடைய முடிவு. எறிந்ததும் சொன்னதும் நடந்தவை. நடந்ததை எழுதினால் அடுத்தவர் தாமாகவே யோசிப்பார்.

நடு இரவில் டாக்டரை எழுப்பிப் பேசுவதும் அப்படித்தான். புதிதில் நான் போன் போட்டு நோயாளியின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அந்தப் பக்கம் எரிச்சலான குரல் வந்தது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும் என்று நான்கு படியாகச் சொல்லும் முறை ஒன்று உண்டு. கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை. நர்சிங் வகுப்பில் அதைப் படிவமாகத்தான் கொடுத்தார்கள். கருத்தை முதல் வரியில் வை, ஆதாரத்தை அடுத்து வை என்று கட்டுரை வகுப்பில் பழகியிருந்ததால்தான் படிவத்தை வைத்துக்கொண்டு பேச வந்தது. வேறு மொழியில் வளர்ந்து நர்சிங் படிக்க வருகிறவர்கள் கட்டுரை வகுப்பை மட்டும் சுலபமான ஆசிரியராகப் பார்த்துத் தேடாதீர்கள். திருத்திக் கொடுப்பவராகப் பார்த்துத் தேடுங்கள்.

புள்ளியியலுக்குப் பயந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விளக்கேந்திய பெண்மணி என்று நாம் பள்ளியில் படித்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட அதிகம் தொற்று நோயால்தான் செத்தார்கள் என்பதை வட்ட வடிவ வரைபடம் போட்டு 1858இல் அரசாங்கத்துக்குக் காட்டியவர். கணக்கு நர்சிங்குக்குப் புதியதில்லை.

எனக்கு அது வீட்டிலேயே உதவியது. கரூரில் அம்மா ஒரு 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' போனார். வயது 61. எந்தத் தொந்தரவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா போகிறார் என்று கூடப் போனது. அந்தத் தொகுப்பில் புற்றுநோய்க் குறியீடு என்று ஒரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்திருந்தார்கள். முடிவு கொஞ்சம் கூடுதல். அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். போனில் அழுகை. நான் அவருக்குத் திருவிழா கணக்கு சொன்னேன். "அம்மா, மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்தாயிரம் பேர் வந்திருக்காங்கன்னு வை. அதில் நூறு பேருக்கு ஒரு நோய் இருக்கு. ஒரு டெஸ்ட் நோய் இருக்கிறவங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவங்களில் நூற்றுக்கு அஞ்சு பேரைத் தப்பாக 'இருக்கு'ன்னு சொல்லும். இப்போ எண்ணிப் பார். நோய் இருக்கிறவங்களில் 90 பேர். நோய் இல்லாத 9,900 பேரில் 495 பேர். ஆக 585 பேருக்கு 'இருக்கு'ன்னு தாள் வரும். அதில் நிஜமாக இருக்கிறது 90 பேருக்குத்தான். ஆறரைப் பேரில் ஒருத்தர்." எண்கள் உதாரணத்துக்குத்தான், அந்தப் பரிசோதனையின் எண்கள் இல்லை என்பதையும் சொன்னேன். அம்மா கேட்டார்: "அப்போ அந்த 495 பேரும் என்னை மாதிரி அழுதிட்டு இருப்பாங்களா?" அந்தக் கேள்வியைவிட நன்றாகப் பொய்ப் பாசிட்டிவ் என்பதை யாரும் எனக்கு விளக்கியதில்லை. டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்தார். ஒன்றும் இல்லை.

கலை ரசனை வகுப்புக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, இதைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். 2016 வசந்த காலம். நுண்ணுயிரியலும் அதே பருவத்தில். ஒரு பணி கொடுத்தார்கள்: ஏதாவது ஓர் ஓவியத்தின் முன் முழுதாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், போன் பார்க்கக் கூடாது, கண்ணில் பட்டதை எழுத வேண்டும். ஹூஸ்டனில் ராத்கோ சேப்பல் என்று ஓர் இடம் உண்டு. 1971இல் திறந்தது, அனுமதி இலவசம். எண்கோண வடிவ அறை. மார்க் ராத்கோ வரைந்த 14 பெரிய ஓவியங்கள் சுவரில். உள்ளே போனதும் எனக்குத் தெரிந்தது 14 கறுப்புத் துணிகள். இதற்காகவா பையனின் கால்பந்து ஆட்டத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று இருந்தது.

பத்து நிமிடம் எதுவும் இல்லை. இருபது நிமிடம் இருக்கும், மேலிருந்து வரும் வெளிச்சம் கொஞ்சம் மாறியது. கறுப்பு என்று நினைத்தது கறுப்பு இல்லை. கத்தரிக்காய் நிறம். ஓரத்தில் பழுப்புச் சிவப்பு. ஒரே துணிக்குள் ஓரிடம் பளபளக்கிறது, ஓரிடம் வெளிச்சத்தை விழுங்குகிறது. ஒரு மணி நேரம் முடிந்தபோது நான் நாலு பக்கம் எழுதியிருந்தேன்.

அடுத்த வருடம் க்ளினிக்கலில், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், படுக்கைப் புண் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. புத்தகப் படத்தில் எல்லாம் வெள்ளைத் தோல். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது. பக்கத்துத் தோலைவிட ஒரு சாயல் கருமையாகவோ, ஊதா ஓடினது போலவோ இருக்கும். தொட்டால் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும், கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் படும். கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் புண் திறந்த பிறகே கண்டுபிடிக்கப்படுவது இதனால்தான். என் தோலும் கறுப்புத்தான், என் அம்மாவின் தோலும்தான். நம்மைப் போன்றவர்களைப் புரட்டிப் பார்க்கும்போது ஒரு நர்ஸ் கறுப்பை ஒரே நிறம் என்று நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு அன்றைக்கு உறைத்தது.

இன்றும் ஒரு நோயாளியைப் புரட்டினால் திரையை விலக்கி வெளிச்சம் வரவைப்பேன். இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணும்வரை கண்ணை எடுக்கமாட்டேன். அப்படிப் பார்த்து இரண்டு தடவை, புண் திறக்கும் முன்பே பிடித்திருக்கிறேன். யேல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய் ஓவியங்களைப் பார்க்கவைத்து, அவர்கள் நோயாளியைக் கவனிக்கும் திறன் கூடுகிறதா என்று ஆராய்ந்து, கூடுகிறது என்று 2001இல் எழுதினார்கள். அதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

உளவியல் வகுப்புகளின் பயன் வெளிப்படையானது, நீட்டவில்லை. வாழ்க்கைப் பருவங்களின் உளவியலில், முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதோடு முடியும் எட்டுக் கட்டங்களை உளவியலாளர் எரிக்சன் சொன்னதைப் படித்த பிறகு, வயதானவர் மாத்திரை விழுங்கும் முன் தன் பழைய வேலையைப் பற்றி ஆரம்பித்தால் நான் அவசரப்படுத்துவதில்லை. கணினி அறிமுகப் பாடம் ஒன்று எடுத்தேன். எழுத்தைத் தடிமனாக்குவதும் பத்தி பிரிப்பதும் சொல்லிக்கொடுத்தார்கள். அது பண விரயம், அதைக் காப்பாற்றிப் பேச எனக்கு மனமில்லை.

அப்புறம், கல்லூரிகள் மீது ஒரு குறை உண்டு. இந்தப் பாடங்களை எடுப்பவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதில் பாதிப் பேர் நர்ஸாகப் போகிறவர்கள் என்று தெரியும். ஆனாலும் ஒருவர்கூட "இது உங்கள் வேலையில் இங்கே வரும்" என்று சொன்னதில்லை. நர்சிங் ஆசிரியர்களும் "நீங்கள் வரலாற்றில் படித்தீர்களே" என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டு கரையும் நல்ல கரைதான், நடுவில் பாலத்தை மாணவரே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. செலவும் சின்னதில்லை. பகுதி நேரம் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு படித்த என் தோழி ஒருத்தி பொதுப்பாடத்திலேயே களைத்துப்போய் விட்டுவிட்டாள். நல்ல நர்ஸ் ஆகியிருப்பாள். அதை நினைத்தால் இந்த முறையை முழுமனத்தோடு புகழ எனக்கு வாய் வருவதில்லை.

இப்போது சேரப்போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடத்துக்குப் பணம் கட்டும் முன், நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் பொதுப் பாட எண் முறை இருக்கிறது. 1301 என்றால் முதல் இலக்கம் முதலாண்டு நிலை, இரண்டாவது இலக்கம் மூன்று கிரெடிட். எண் ஒத்துப்போனால் மாற்றிக்கொள்வது எளிது. உடற்கூறியலையும் நுண்ணுயிரியலையும் ஒரே பருவத்தில் எடுக்காதீர்கள். அறிவியல் பாடங்களுக்குப் பல கல்லூரிகளில் காலாவதி உண்டு, ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று வைத்திருப்பார்கள். அதனால் வரலாறு, ஆங்கிலம், அரசாங்கம் ஆகியவற்றை முதலிலும் அறிவியலைக் கடைசியிலும் வைத்தால் நல்லது. நான் தலைகீழாகச் செய்து பதற வேண்டியதாயிற்று. பொதுப்பாட மதிப்பெண்ணையும் நர்சிங் சேர்க்கையில் பார்ப்பார்கள். "சும்மா பாஸானால் போதும்" என்று வரலாற்றில் 'சி' வாங்கியவர்கள் வரிசையில் பின்னால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பள்ளியில் படித்த பிள்ளைகள் வரலாற்றையும் மத்திய அரசாங்கப் பாடத்தையும், வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் வாங்கித் தரும் கிளெப் தேர்வு எழுதிக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் கல்லூரி ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். ஆனால் நம்மைப் போல் வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த இரண்டையும் நேரில் உட்கார்ந்தே படியுங்கள். பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர் சொல்லும் கதையே பாதிப் பாடம். விருப்பப் பாடம் கிடைத்தால் மருத்துவ ஸ்பானிஷ் எடுங்கள். ஹூஸ்டனில் அது இல்லாமல் ஒரு ஷிஃப்ட்கூட எனக்குப் போனதில்லை.

லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளர் 2003இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். பட்டம் பெற்ற நர்ஸ்கள் பத்து சதவிகிதம் கூடினால், அறுவைசிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு ஐந்து சதவிகிதம் குறைவதோடு அது சேர்ந்து வருகிறது என்று. இதைக் காட்டிப் பொதுப்பாடத்துக்கு வாதாடுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பட்டத்துக்குள் எத்தனையோ இருக்கிறது. அதில் வரலாற்று வகுப்புக்கு எவ்வளவு பங்கு என்று அந்த எண் சொல்லாது. என்னால் சொல்ல முடிந்தது என் நோயாளிகளைப் பற்றி மட்டும்தான்.

என் அண்ணன் மகள் ஈரோட்டுப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறாள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அறிவித்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே ஆங்கிலம், சமூகவியல், உளவியல் வந்துவிடுகின்றன. நம் நாட்டில் பட்டப்படிப்பாக நர்சிங் 1946இல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் தொடங்கியது. அதற்கு முன் பெரும்பாலும் மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளியில், வார்டில் வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்வதுதான் வழி. அண்ணன் மகள் போன மாதம் போன் செய்து, "அத்தை, சமூகவியல்ல குடும்ப வகைகள், சாதி, கிராமம்னு படிக்கச் சொல்றாங்க. இது எதுக்கு அத்தை?" என்று கேட்டாள். பத்து வருடத்துக்கு முன் நான் கேட்ட அதே குரல். நான் பாடம் நடத்தவில்லை. வார்டுக்குப் போகும்போது சுகர் நோயாளி யாருக்காவது உணவு முறை சொல்லிக்கொடுக்கும் முன், "வீட்டில் சமைப்பது யார், அரிசி எங்கிருந்து வருகிறது" என்று மட்டும் கேட்டுவிட்டு வா என்றேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஒரு பாட்டி. மருமகள் நூல் மில்லில் ஷிஃப்டுக்குப் போகிறார், காலையில் ஒரே தடவை சோறு வடித்துவைத்துவிட்டுப் போவார், ராத்திரிவரை அதுதான். ரேஷன் அரிசி. மாத்திரை மூன்று வேளை எழுதியிருக்கிறது, பாட்டி சாப்பிடுவது இரண்டு வேளை. "கோதுமை, கேழ்வரகு, காய்கறின்னு நோட்டில் எழுதி வச்சிருந்தேன் அத்தை. அதை அந்தப் பாட்டிகிட்ட எப்படிச் சொல்றது? என்ன சொல்லிக் கொடுக்கணும்?" என்று கேட்டிருந்தாள். உடனே கூப்பிட்டேன். அந்த ஒரே சோற்றை எப்படிப் பங்கு போட்டுச் சாப்பிடலாம், இரண்டு வேளைக்கு மாத்திரையை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது, மில்லிலிருந்து மருமகள் வரும் நேரத்தில் அவரிடம் யார் பேசுவது என்று இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.